யுன் மேடத்தின் முதல் இலை

நெடும்பாக்கத்தில் எல்லாம் புளித்துப்போக ஆரம்பித்தது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். முதலில் பால் திரிந்தது, அப்புறம் ஆட்டிக்கொண்டிருக்கும்போதே கிரைண்டருக்குள் மாவு பொங்கி வழிந்தது, அப்புறம் வடித்த சோறு, அப்புறம் பருப்பு, அப்புறம் பஸ் ஸ்டாண்டு பேக்கரியின் கிரீம் கேக், சாயங்காலத்துக்குள் அம்மன் கோயில் சர்க்கரைப் பொங்கல் என்று, தட்டில் விழுந்ததும் டம்ளரில் ஊற்றியதும் இலையில் வைத்ததும் கரண்டியில் மொண்டதும் உள்ளங்கையில் வாங்கியதும், எல்லாமே வாய்க்குப் போவதற்குள் புளித்துப்போயின. ரசமும் புளித்துத்தான் போயிருக்கும், ஆனால் ரசத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

ஊர் கொஞ்ச நாள் பயந்தது, கொஞ்ச நாள் காரணம் தேடியது. ஏரிக்கரைக் கம்பெனி விடுகிற கழிவுத் தண்ணீர் என்றார்கள், அந்த வருஷம் எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றத் தவறியது என்றார்கள், கம்பெனி வேலைக்கு வந்து குடியிருக்கிற கொரியாக்காரர்கள் பால்கனியில் வைத்திருக்கிற ஜாடிகளிலிருந்து கிளம்பிய காற்று என்றும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து ஒவ்வொரு வீட்டிலும் சோற்றைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டு, ஒரு ராத்திரி பயணியர் விடுதியில் தங்கிப் போனார். போன இடத்தில் அவர் வீட்டுக் காபியும் திரிந்துவிட்டது என்று கேள்வி. இங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்தவர் எங்கே போனாலும் புளிப்பு அவர் கூடவே போயிற்று. அதனால் வெளியூர்ச் சொந்தக்காரர்கள் நெடும்பாக்கத்துக்காரர்களை விசேஷங்களுக்கு அழைப்பதை நாசூக்காக நிறுத்திக்கொண்டார்கள், அழைத்தாலும் பந்தி முடிந்த பிறகு வரச்சொன்னார்கள்.

அதற்கப்புறம் ஊர் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை? டீக்கடைகளில் பால் டீ என்ற எழுத்தை அழித்துவிட்டு எலுமிச்சை டீ என்று எழுதினார்கள். ஓட்டல்காரர் புளியோதரையையும் வத்தக்குழம்பையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் தீர்ந்துவிட்டது என்று சொன்னார். ஆண்கள் சட்டைப் பையில் பேனாவைப் போல நெஞ்செரிச்சல் மருந்து பாட்டிலைச் செருகிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சாப்பிடும்போது முகத்தைச் சுளிப்பது கெட்ட பழக்கம் என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லோரும் இளைத்தார்கள், எல்லோரும் இளைத்ததால் யாரும் இளைத்ததாகத் தெரியவில்லை.

இரண்டு விஷயங்கள் மட்டும் கணக்கில் இடித்தன, ஊர்தான் அவற்றைக் கவனிக்கவில்லை. ஒன்று, கைக்குழந்தைகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, அம்மா பிசைந்து ஊட்டிய பருப்புச் சோற்றைச் சப்புக்கொட்டித் தின்றன. குழந்தை நாக்குக்குப் புளிப்பு பிடிக்கும் போலிருக்கிறது என்று அம்மாக்கள் சொல்லிக்கொண்டார்கள். இன்னொன்று, புதிதாகக் கல்யாணமானவர்கள் மட்டும் ஊரில் சிரித்த முகமாகத் திரிந்தார்கள். அதற்கு வேறு காரணம் என்று நினைத்து ஊர் தன் பார்வையைத் திருப்பிக்கொண்டது.

தணிகாசலத்துக்கு இதையெல்லாம் யோசிக்க நேரமில்லை. அவன் கொரியாக் கம்பெனி ஒன்றின் இன்ஜினியர்களை ஏற்றி இறக்கும் வேன் டிரைவர், அவனுடைய மனைவி ரேணுகா மாசமாக இருந்தாள். இதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் என்பதால் டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் இறங்கவில்லை. ஆனால் புளிப்பு அவளுக்குத் தங்கவில்லை. கஞ்சி கொடுத்தால் கஞ்சி வெளியே வந்தது, இளநீர் கொடுத்தால் இளநீர் வெளியே வந்தது, ஒன்றுமே கொடுக்காவிட்டால் பச்சையாகப் பித்தம் வந்தது. மாசமா இருக்கிறவ புளிப்புக்குத்தானே ஏங்குவா, ஊரே அவளுக்காகப் புளிச்சிருக்கு, கொடுத்து வச்சவ என்று ஆரம்பத்தில் கேலி செய்துகொண்டு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள், அவள் கன்னம் ஒட்டி எலும்பு துருத்திய பிறகு அந்தப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

கை நரம்பு வழியாக ஏற்றிய குளுக்கோஸ் மட்டும் புளிக்கவில்லை. அதை வைத்து எத்தனை நாள் தள்ளுவது என்று டாக்டரம்மாவே கேட்டார். வயிற்றில் இருப்பது வளரவில்லை, இவள் ஏதாவது சாப்பிட்டு அது உள்ளே தங்கினால்தான் பார்க்கலாம் என்றார். என்ன சாப்பிட ஆசை என்று தணிகாசலம் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்தபோது, ஒருநாள் மத்தியானம் ரேணுகா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"கிம்ச்சி வேணும். புதுசா கலந்தது. கடிச்சா சத்தம் வரணும்."

அவளுக்கு அந்த ருசி யுன் மேடம் வீட்டில் தொற்றியது. கல்யாணமான நாளிலிருந்து கட்டிலில் விழுந்த நாள்வரை அவள் வேலை பார்த்தது அங்கேதான். பைபாஸ் ரோட்டு அடுக்குமாடியில், கொரியாக் கம்பெனி மேனேஜர் ஒருவரின் வீடு, மேடம் அவருடைய மனைவி. கிம்ச்சி அவர்களுடைய ஊறுகாய். அதற்கு நம்மூர் உருண்டைக் கோஸ் அல்ல, நீள நீளமான கோஸ். அதைக் கல்லுப்பில் துவள வைத்து, கழுவி வடித்து, நிறம் அதிகமும் காரம் கம்மியுமான மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, மீன் சாறு, முள்ளங்கி, ஒரு துண்டு பேரிக்காய் எல்லாம் சேர்த்து மேடம் பிசைவார். ஜாடியில் அடைத்து வாரக்கணக்கில் ஊற வைப்பது ஒரு வகை. அன்றே கலந்து அன்றே தின்பது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையைக் கலந்து முடித்ததும் மேடம் ஒரு காரியம் செய்வார். ரப்பர் கையுறையைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் இளம் இலையாகப் பார்த்துக் கிழித்து, சுருட்டி, வெறுங்கையால் பக்கத்தில் இருப்பவர் வாயில் வைப்பார். முதல் இலை புருஷனுக்கு, அடுத்தது கூடமாட நின்றவளுக்கு. அவர்கள் ஊர் வழக்கம் அது. முதல் தடவை ரேணுகா நம் வழக்கப்படி உள்ளங்கையை நீட்டினாள். உப்புக் காரம் பார்க்க நாம் கையில்தானே வாங்குவோம், இன்னொருத்தர் கை வாயில் படுவதாவது. மேடம் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, ஆ என்று வாயைத் திறந்து காட்டினார். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தின்ற அந்த இலைதான் இப்போது ரேணுகாவின் உயிரைப் பிடித்து உலுக்கியது.

தணிகாசலம் தேட ஆரம்பித்தான். கொரியாச் சாமான் விற்கும் சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியைக் குடைந்தான். எல்லா டப்பாவும் மூடி உப்பி, திறந்தால் காடி வாடை அடித்தது. கொரியா ஓட்டல்களில் ஒன்றைத் தவிர எல்லாம் மூடிவிட்டன. இருந்த ஒன்றில், ஆரம்பத்தில் நாங்களும் சந்தோஷப்பட்டோம், புளித்த கிம்ச்சியில் கொதிக்க வைக்கிற குழம்பு பிரமாதமாக இருந்தது, இப்போது அந்தக் குழம்பைப் பார்த்தாலே அழுகை வருகிறது என்றார் சமையல்காரர். சென்னைக்கு வேனை ஓட்டிக்கொண்டு போய் ஒரு கடையில் அவன் கண் முன்னாலேயே கலக்கச் சொன்னான். டப்பா அவன் கைக்கு வந்ததும் இலைகள் துவண்டு, ஓரங்கள் பழுத்து, குமிழி விட்டன. அந்தக் கடையில் இருந்த மற்றதெல்லாமும் குமிழி விட்டன. நீங்க எந்த ஊர் சார் என்று கடைக்காரர் கேட்டார், சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டு, தயவுசெய்து இனிமேல் வராதீர்கள் என்றார். வேனுக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு தணிகாசலம் அழுதான். பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தான்.

கடைசியில் அவன் யுன் மேடம் வீட்டு மணியை அடித்தான். முதலிலேயே போயிருக்கலாம், ஆனால் துக்க வீட்டில் போய் ஊறுகாய் கேட்பது மாதிரி என்று தயங்கிக்கொண்டிருந்தான். போன தை மாதத்தில் ஒரு காலை, முதல் இலையை வாங்கித் தின்றுவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போன மேடத்தின் கணவர், அங்கே மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அஸ்தியை மகள் கொரியாவிலிருந்து வந்து கொண்டுபோனாள். வீட்டைக் காலி செய்துவிட்டு மேடமும் பின்னாலேயே போவதாக இருந்தது, அதற்குள் ஊர் புளித்துவிட்டது. மகள் அங்கே கிம்ச்சி போட்டு விற்றுத்தான் பிழைக்கிறாள். இந்த ஊர்ப் புளிப்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்குள் எப்படிப் போய் நிற்பது என்று மேடம் இங்கேயே நின்றுவிட்டார்.

கதவைத் திறந்தவரைப் பார்த்துத் தணிகாசலம் ஒரு கணம் வேறு யாரோ என்று நினைத்தான், அவ்வளவு உருகியிருந்தார். சமையலறையில் தரை முழுக்கப் பாத்திரங்கள், பாத்திரம் முழுக்கப் புளித்த கோஸ். தினமும் கலக்குவதும், ஒரு இலையைத் தானே எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பதும், துப்பிவிட்டு மறுபடி கலக்குவதுமாக அவருடைய நாட்கள் போய்க்கொண்டிருந்தன. ரேணுகாவிடம் கற்ற தமிழ் என்பதால் ரேணுகா மாதிரியே இழுத்துப் பேசுவார்.

"ஊர் புளிக்கல தணிகை. என் கைதான் செத்துப் போச்சு. அவரோட சேத்து அதுவும் போச்சு."

அவன் விஷயத்தைச் சொன்னான். வீட்டுக்கு வந்து, கட்டில் பக்கத்திலேயே கலந்து கொடுத்தால் வழியில் புளிக்க நேரமிருக்காது என்று தனக்குத் தோன்றியதையும் சொன்னான். ரேணுகாவின் பேரைக் கேட்டதும் மேடம் ஒரு பையில் கோஸையும் கல்லுப்பையும் தூளையும் எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தணிகாசலத்தின் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். அவனுடைய அக்கா கன்னியம்மா. கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். தம்பியை வளர்த்ததும் அவனுக்குப் பெண் பார்த்ததும் அவள்தான், ஆனால் அவன் தாலி கட்டியபோது அவள் மண்டபத்தின் பின்கட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள், யாரும் சொல்லாமலே. ரேணுகா கட்டிலில் விழுந்ததிலிருந்து சமைப்பதும் துவைப்பதும் வாந்தி வாளியைக் கழுவுவதும் அவள்தான். தட்டைக் கொண்டுவந்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் தரையில் வைத்துவிட்டு, எடுத்துக் குடு என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போவாள். ஏன் உள்ளே வந்து கொடுப்பதில்லை என்று தணிகாசலம் ஒருநாளும் கேட்டதில்லை. முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

மேடம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிசைந்தார். அந்தப் பூண்டு வாசனைக்கும் மிளகாய் வாசனைக்கும் ரேணுகா கண்ணைத் திறந்தாள், பல நாட்களுக்குப் பிறகு அவளுடைய உதடு ஈரமானது. மேடம் கலந்து முடித்துக் கையுறையைக் கழற்றிய நேரத்தில் அவள் தலையைத் தூக்கி, ஒரு குழந்தையைப் போல வாயைத் திறந்து காத்திருந்தாள்.

மேடத்தின் கை பாதியில் நின்றது. அதே சமயத்தில் வாசற்படியிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை.

"வேணாம்மா. புருசன பறிகொடுத்த கை. மாசமா இருக்கறவ வாயில வைக்காத. ஏற்கெனவே ரெண்டு போச்சு."

ரேணுகா தணிகாசலத்தைப் பார்த்தாள். அவன் பேசியிருக்க வேண்டிய இடம் அது. ஆனால் போன இரண்டும் அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன, அவன் தரையைப் பார்த்தான். மேடமோ, தானே சொல்ல நினைத்ததை இன்னொருத்தி சொல்லிவிட்ட மாதிரி தலையை ஆட்டிவிட்டு, இலையை ஒரு தட்டில் வைத்துத் தள்ளினார். தட்டைத் தொட்டதும் இலை துவண்டது. ரேணுகா அதையும் எடுத்துத் தின்றாள், ஆசைக்காகத் தின்றாள், தின்றதைவிட அதிகமாக வாந்தி எடுத்தாள். மேடம் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு ரேணுகா எதையும் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்தியதுதான் தணிகாசலத்தைக் கலக்கியது. திட்டினால் பரவாயில்லை, அழுதால் பரவாயில்லை, அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, கூப்பிட்டால் உம் என்றாள், அப்புறம் உம் என்பதும் நின்றது. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் நர்ஸ் திண்டாடினாள். டாக்டரம்மா வெளியே வந்து அவனைத் தனியாகக் கூப்பிட்டு, ரெண்டு உயிரையும் காப்பாற்ற முடியும் என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன், ஒன்றையாவது என்பதற்கும் அவள் சாப்பிட வேண்டும் என்றார். அவர் வாயிலிருந்தும் நெஞ்செரிச்சல் மருந்து வாடை வந்தது. தணிகாசலம் நடந்து, நடந்தது போதாமல் ஓடி, பைபாஸ் ரோட்டு அடுக்குமாடிக்கு மூச்சிரைக்கப் போய் நின்றான்.

மேடம் வரமாட்டேன் என்றார். கடைசியாக இந்தக் கையால் தின்றவர் என்ன ஆனார் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டார். அதற்கப்புறம் யார் வாயிலும் தான் எதையும் வைத்ததில்லை, ஒரு நாய்க்குக்கூட வைத்ததில்லை என்றார். உன் அக்கா சொன்னதில் தப்பில்லை என்றார். தணிகாசலம் அவர் காலில் விழுந்தான். அவருக்கு அந்தப் பழக்கம் புரியாமல் பயந்து பின்வாங்க, அவன் விழுந்த இடத்திலிருந்தே பேசினான்.

"போற உசுரு எப்படியும் போவுது மேடம். அவ கேட்டத குடுக்காத பாவம் எனக்கு வேணாம். அன்னிக்கு வாய மூடிக்கினு நின்னேன், நான்தான் நின்னேன். நீங்க வந்து அவ வாயில வையிங்க. என்ன ஆனாலும் அது என் தலையில."

மேடம் வெகுநேரம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அன்று காலையில் கலந்து வைத்திருந்த பாத்திரத்தை, அது புளித்துக் குமிழி விட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே, மூடி எடுத்துக்கொண்டார். புதிதாகக் கலக்க நேரமில்லை.

வாசற்படியில் கன்னியம்மா குறுக்கே நின்றாள். தணிகாசலம் வாழ்நாளில் முதல் தடவையாக, "அக்கா, தள்ளு" என்றான். அவள் தள்ளவில்லை.

"எனக்கு மட்டும் மனசு கல்லா தணிகை? என் புருசன் போனதுலேர்ந்து ஒருத்திக்குப் பூ எடுத்துக் குடுத்ததில்ல இந்தக் கை. இவளுக்குத் தட்ட கீழ வச்சிட்டுப் போறேனே, எதுக்குன்னு நெனச்ச? நாலு மாசமா அவ நெத்தியத் தொட்டுக் காய்ச்சல்கூட பாக்கல நான். பட்டுடக் கூடாதுன்னு."

சொல்லிவிட்டு அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகையில் அவள் உடம்பு தளர்ந்த அந்தச் சந்தில் தணிகாசலம் மேடத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

ரேணுகா சுவரைப் பார்த்துக் கிடந்தாள். அவன் அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மேடம் பாத்திரத்தைத் திறந்ததும் புளிப்பு வாடை அறை முழுக்க ஏறியது, தணிகாசலத்துக்குக் கடைசி நம்பிக்கையும் விட்டுப்போயிற்று. மேடம் துவண்டு கிடந்த இலைகளை விலக்கி, உள்ளே இருந்ததில் இளசாக ஒன்றைக் கிழித்து, வெறும் விரல்களால் சுருட்டினார். அவருடைய பாஷையில் ஏதோ சொன்னார், கணவரிடம் சொன்னதாக இருக்கலாம். ஆ என்று தானும் வாயைத் திறந்து காட்டி, இலையை ரேணுகாவின் வாயில் வைத்தார்.

சத்தம் கேட்டது. கறுக்கென்று, அப்போதுதான் பறித்த வெள்ளரிப் பிஞ்சைக் கடித்த மாதிரி ஒரு சத்தம். ரேணுகாவின் தாடை நின்றது, மறுபடி அசைந்தது, மறுபடி அந்தச் சத்தம். அவள் விழுங்கினாள். மூவரும் வாளியைப் பார்த்தார்கள். வாளிக்கு வேலை வரவில்லை. அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

தணிகாசலம் நம்பவில்லை. போகிற நேரத்தில் நம் மனசு நோகக் கூடாதென்று பொறுத்துக்கொண்டு தின்கிறாள் என்றுதான் நினைத்தான். பாத்திரத்தில் விரலை விட்டுத் தானே ஒரு இலையை எடுத்துத் தின்று பார்த்தான். காடி, கண்ணில் தண்ணீர் வந்தது. ரேணுகா அவனைப் பார்த்துச் சிரித்தாள், சிரிக்கக்கூட பலமில்லாத சிரிப்பு. எலும்பான கையைப் பாத்திரத்துக்குள் நீட்டி, ஒரு துண்டைக் கிழித்து அவன் வாயில் திணித்தாள். முதலில் இனித்தது. பேரிக்காயின் இனிப்பு, அதன் மேல் உப்பு, பூண்டு, கடைசியில் தொண்டையில் இறங்கும்போது மெல்லச் சுடுகிற அந்தக் காரம். பற்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் தெறித்தது. ஆறு மாதமாக மறந்துபோயிருந்த எல்லாச் சாப்பாடும் அவனுக்கு ஒரே வாயில் ஞாபகம் வந்தது. அவன் வாய் விட்டு அழுதுகொண்டே மென்றான்.

ரேணுகா அடுத்த இலையைச் சுருட்டி மேடத்திடம் நீட்டினாள். மேடம் பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ரேணுகா அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஆ என்று வாயைத் திறந்து காட்டினாள். மேடம் மென்றார். கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் மென்றார்.

"உப்பு கம்மி" என்றார். அப்புறம்தான் அழுதார்.

இதைக் கேள்விப்பட்டு ஊர் என்ன பாடுபட்டது என்பது பெரிய கதை. தன் கை புளிக்கும், தட்டு புளிக்கும், கரண்டி புளிக்கும், இன்னொருத்தர் கையிலிருந்து நேராக வாய்க்குள் போவது மட்டும் புளிக்காது என்று தெரிந்த அன்றைக்கு, அம்மாக்கள் தங்கள் கைக்குழந்தைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள், புதுமணத் தம்பதிகளை ஊரே வீடு புகுந்து திட்டியது. இத்தனை நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்தீர்களே என்றதற்கு, எப்படிச் சொல்வது என்று அவர்கள் வெட்கப்பட்டார்கள். யார் கையால் யார் தின்பது என்று பஞ்சாயத்து கூடிப் பொழுது சாயும்வரை பேசியது. இந்தத் தெருக்காரர் கையால் அந்தத் தெருக்காரர் தின்னலாமா என்று கேட்டவர்கள், பேசிப் பேசிப் பசி வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தெரு எது என்று விசாரிக்காமல் வாயைத் திறந்தார்கள், சாப்பிட்டு முடித்ததும் மறுபடி கேட்டார்கள். பேசாமல் இருந்த மாமியாரும் மருமகளும் பேசாமலே ஒருத்திக்கொருத்தி ஊட்டிக்கொண்டார்கள். கோபத்தோடு ஊட்டினாலும் சோறு புளிக்கவில்லை, பாசத்தைப் பற்றி அந்தப் புளிப்புக்கு ஒரு அக்கறையும் இருந்ததாகத் தெரியவில்லை. யாருமில்லாதவர்களுக்காக பஸ் ஸ்டாண்டில் ஊட்டுகிற ஆட்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த ஊரில் போன் எடுக்க ஆளில்லாமல் போயிற்று.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு அந்த அறையில், பாத்திரம் பாதி காலியாகியிருந்தபோது, ரேணுகா தணிகாசலத்தின் மடியிலிருந்து தலையைத் திருப்பி வாசற்படியைப் பார்த்தாள். கன்னியம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். நாத்தனாரை அவள் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணி, நீங்க ஒரு வாய் குடுங்க."

கன்னியம்மா தலையை ஆட்டினாள். கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதற்குள் யுன் மேடம் எழுந்து போய், அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்; தன்னுடைய மிளகாய்ச் சிவப்பேறிய கைகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு ஜோடிக் கைகளும் ஒரே மாதிரிதான் இருந்தன, பாத்திரம் கழுவி நகம் தேய்ந்த கைகள். மேடம் வாசற்படிக்கு உள்ளே இழுத்தார், கன்னியம்மா வந்தாள்.

முந்தானையில் கையைத் துடைத்தாள், போதாதென்று மறுபடி துடைத்தாள். பாத்திரத்தில் இருந்ததிலேயே சின்னதாக ஒரு இலையை எடுத்தாள். அதைச் சுருட்டத் தெரியாமல், நம்மூரில் பிள்ளைக்குச் சோற்றை உருட்டுகிற மாதிரி உருட்டினாள். ரேணுகா ஆ என்று காத்திருந்தாள். கன்னியம்மா பயந்து பயந்து கையைக் கொண்டுபோனாள், பாதியில் நின்றாள், எல்லையம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே கொண்டுபோனாள், அவள் விரல் நுனி அந்தக் காய்ந்த உதட்டில் பட்டது.

கறுக்கென்று சத்தம் வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை. வந்த பிறகு, பின்னால் இழுக்கப்போன கையை இழுக்காமல் ரேணுகாவின் நெற்றியில் வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.